நூலக இணையவழித் தேடலும் மாற்றுத்திறனாளிகளும்: அட்டைப் பெட்டியிலிருந்து ஓபேக் வரை

ஒரு நூலகத்தில் என்னென்ன நூல்கள் உள்ளன, அவை எந்த அடுக்கில் உள்ளன என்பதைச் சொல்வது நூற்பட்டியல். இன்று பெரும்பாலான பல்கலைக்கழக நூலகங்களில் அது கணினியில் இருக்கிறது. வாசகரே இணையம் வழியாகத் தேடிக்கொள்ளும் இந்தப் பட்டியலை நூலகத்தார் ஓபேக் என்று அழைக்கின்றனர். பார்வையற்றவருக்குப் படிக்க நூல் கிடைக்கிறதா என்ற கேள்வி தமிழகத்தில் நூறாண்டுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. அவரே பட்டியலைத் தேடி அந்த நூலைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வி மிகவும் பிந்தி வந்தது. இக்கட்டுரை பேசுவது அந்த இரண்டாவது கேள்வியின் வரலாற்றை.

கிருஷ்ணன்கோவிலும் தென்மாவட்டங்களும்

விருதுநகர் மாவட்டத்தில், மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் சாலையில் உள்ள ஊர் கிருஷ்ணன்கோவில். இங்கு 1984இல் அருள்மிகு கலசலிங்கம் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. விடுதலைப் போராட்ட வீரரும் கல்வியாளருமான தி. கலசலிங்கம் இதன் நிறுவனர். 2006இல் இக்கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. செவித்திறனும் பேச்சுத்திறனும் குறைந்த மாணவர்களுக்கெனத் தனியாகப் பி.டெக். வகுப்புகளை நடத்திய நிறுவனம் என்பது இதன் தனிச்சிறப்பு. காதுகேளாத மாணவர் பள்ளிப்படிப்போடு நின்றுவிடுவதே வழக்கமாக இருந்த நாட்டில் இது சிறிய செய்தியன்று.

இந்தப் பகுதிக்கு இது முற்றிலும் புதியதும் அன்று. தெற்கே பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். அதே பத்தாண்டில் புளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் அவ்வூரில் காதுகேளாதோர் பள்ளியைத் தொடங்கினார். இரண்டும் இன்றும் இயங்குகின்றன. இத்தகைய பள்ளிகளில் பாடநூலை ஆசிரியரே கொண்டுவந்து மாணவர் கையில் கொடுப்பார். பல்கலைக்கழகத்தில் நிலை வேறு. அங்கே நூலைத் தேடுவதே படிப்பின் பாதி. தேட முடியாத மாணவர், பிறர் எடுத்துக் கொடுத்ததை மட்டும் படிப்பவராகவே இருந்துவிடுகிறார்.

அட்டைப் பெட்டிக் காலம்

தமிழகத்தில் நவீன நூற்பட்டியலின் கதை சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதனிடம் தொடங்குகிறது. கணிதப் பேராசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளையும், 1933இல் கோலன் பகுப்பு முறையையும், 1934இல் பட்டியலிடும் விதிமுறைகளையும் நூல்களாக வெளியிட்டார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாம் விதியின் கருத்து. வாசகரின் நேரம் வீணாகக்கூடாது என்பது நான்காம் விதியின் கருத்து. இவற்றில் யாருக்கும் விலக்கு இல்லை.

ஆனால் விதி சொன்னதைக் கருவி செய்யவில்லை. ஏழரை சென்டிமீட்டர் உயரமும் பன்னிரண்டரை சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அட்டை, சிறிய எழுத்து, நெருக்கமாக அடுக்கிய மர இழுப்பறைகள் ஆகியவையே அன்றைய பட்டியல். பார்வையற்றவருக்கு அது வெறும் மரப்பெட்டி. சக்கர நாற்காலியில் வருபவருக்கு மேல்வரிசை எட்டாது. விரல்கள் ஒத்துழைக்காதவருக்கு அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பது பெரும்பாடு. வாசகர் தாமே அடுக்குகளுக்கிடையே சென்று நூல் எடுக்கும் திறந்த முறையை இரங்கநாதன் சென்னையில் வலியுறுத்தினார். அது பெரிய சீர்திருத்தம். ஆயினும் கண்ணும் காலும் உள்ளவருக்கே அதன் முழுப்பயன் கிடைத்தது. மற்றவர்களுக்கு நண்பரோ, வாசித்துக் காட்டுபவரோ, பொறுமையான நூலகரோ துணை வர வேண்டியிருந்தது.

கருப்புத்திரை தந்த வாய்ப்பு

1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியட் அவ்ராம் என்ற கணினி நிரலாளர், நூற்பதிவைக் கணினி படிக்கும்படி அமைக்கும் மார்க் என்னும் வடிவத்தை உருவாக்கினார். 1970களின் நடுப்பகுதியில் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வாசகரே கணினியில் தேடும் பட்டியல் வந்தது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 1991இல் தொடங்கிய இன்ஃப்ளிப்நெட், 2000இல் சோல் என்னும் நூலக மென்பொருளை வெளியிட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலகத்தில் கோஹா என்னும் கட்டற்ற மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று தமிழகக் கல்லூரி நூலகங்களில் அதிகம் காணப்படுபவற்றுள் இவை இரண்டும் அடங்கும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பழைய கணினித் திரை, கருப்புப் பின்னணியில் எழுத்துகள் மட்டுமே கொண்டது, பார்க்க அழகில்லை. ஆனால் திரையில் இருப்பது அனைத்தும் எழுத்து என்பதால், அதை வரிசையாகக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு அது எளிதாக இருந்தது. விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் உருவாக்கிய ஜாஸ் 1989இல் டாஸ் இயங்குதளத்துக்காக வந்தது. பின்னர் படங்களும் பொத்தான்களும் நிறைந்த விண்டோஸ் பரவியபோது பார்வையற்ற பயனர்கள் திடீரெனப் பின்தங்கினர். விண்டோசுக்கான ஜாஸ் 1995இல்தான் வெளிவந்தது. அதன் விலையும் நம் மாணவர்களுக்கு எட்டாதது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகக் கிடைத்ததால்தான் திரைவாசிப்பான் சாதாரணக் கல்லூரி மாணவரின் கைக்கு வந்தது.

கருவி கையில் வந்தபின் தடை இணையப் பக்கத்துக்கு மாறியது. தேடல் பெட்டிக்குப் பெயர் குறிக்கப்படாவிட்டால் திரைவாசிப்பான் "எழுதும் இடம்" என்று மட்டும் சொல்லும். அங்கே எழுத வேண்டியது தலைப்பா, ஆசிரியர் பெயரா என்று தெரியாது. நூலட்டைப் படத்துக்கு மாற்று உரை இல்லாவிட்டால் கோப்பின் பெயரை எண்ணும் எழுத்துமாக வாசிக்கும். சுட்டியால் மட்டுமே இயங்கும் பொத்தானை விசைப்பலகை மட்டும் பயன்படுத்துபவர் அழுத்தவே முடியாது. தேடல் முடிந்து இருநூறு முடிவுகள் திரையில் வந்திருக்கும். அதை அறிவிக்கும் குறிப்பு நிரலில் இல்லையென்றால் மாணவர் இன்னும் காத்துக்கொண்டிருப்பார். இவற்றையெல்லாம் சரிசெய்யும் வழிகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இலேயே வழிகாட்டு நெறிகளாக வெளியிட்டது. 2008, 2018, 2023 ஆண்டுகளில் அவை விரிவாக்கப்பட்டன. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது வரை அதில் உண்டு. இவற்றுள் பலவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சில வரி நிரல் போதும்.

தமிழ் எழுத்தின் தனிச்சிக்கல்

ஆங்கிலப் பட்டியலுக்கு இல்லாத ஒரு சிக்கல் தமிழ்ப் பட்டியலுக்கு உண்டு. யூனிகோடில் 1991 முதலே தமிழ் இடம்பெற்றிருந்தாலும், நடைமுறையில் நெடுங்காலம் ஆளுக்கொரு எழுத்துருவே புழங்கியது. பாமினி போன்ற எழுத்துருவில் "அம்மா" என்று தட்டச்சு செய்தால் திரையில் தமிழ் தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். கண்ணுள்ளவருக்கு வேறுபாடு தெரியாது. திரைவாசிப்பானோ "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று சொல்லும். இப்படி உள்ளிடப்பட்ட நூற்பதிவு எதுவாயினும் பார்வையற்றவருக்கு அது புதிர்தான். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றபின் புதிய பதிவுகள் சீராயின. பழைய பதிவுகளை மாற்றுவது தனி வேலை.

இன்னொரு வழக்கம், தமிழ் நூலின் பெயரை ஆங்கில எழுத்தில் பதிவது. "செல்வன்" என்பதை எஸ் என்று தொடங்குவதா, கல்வியாளர் முறைப்படி சி என்று தொடங்குவதா என்பதில் எந்த வாசகரும் தடுமாறுவார். கண்ணுள்ளவர் பத்து வடிவங்களைத் தட்டிப் பார்த்து, முடிவுகளை ஒரே பார்வையில் அளந்துவிடுவார். ஒவ்வொரு முடிவையும் செவியால் கேட்டுக் கடக்க வேண்டியவருக்கு அதே வேலை பல மடங்கு நேரம் எடுக்கும். மார்க் வடிவத்தில் 880 என்ற புலம், ஒரே தலைப்பை மூல எழுத்திலும் சேர்த்துப் பதிவதற்கென்றே உள்ளது.

பதிவு யூனிகோடில் இருந்தாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. பக்கம் ஆங்கிலம் என்று நிரலில் அறிவித்துவிட்டு, இடையில் தமிழ்த் தலைப்பு வரும்போது அதன் மொழியைக் குறிக்காமல் விட்டால், ஆங்கிலக் குரல் அதைத் தவறாக வாசிக்கும் அல்லது வாசிக்காமலே தாண்டும். தமிழை வாசிக்கக் குரல்கள் இல்லாமல் இல்லை. என்.வி.டி.ஏ.வுடன் வரும் ஈஸ்பீக்கில் தமிழ் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் எஸ்.எஸ்.என். கல்லூரியிலும் தமிழ் உரையைப் பேச்சாக்கும் ஆய்வுகள் நடந்துள்ளன. எந்தக் குரல் எப்போது பேச வேண்டும் என்பதைப் பக்கம்தான் சொல்ல வேண்டும்.

காதுகேளாத மாணவரின் தேடல்

நூலக அணுகல் என்றாலே பார்வையற்றோரைப் பற்றி மட்டும் பேசுவது வழக்கம். ஓபேக் ஒலி எழுப்பாத கருவி. காதுகேளாதவருக்கு அதில் என்ன தடை என்று தோன்றலாம். கிருஷ்ணன்கோவில் போன்ற ஊரைக் கருத்தில் கொண்டால் இந்தக் கேள்வியை அப்படித் தாண்டிவிட முடியாது.

பிறவியிலேயே காதுகேளாத பலருக்கு முதன்மொழி சைகை மொழி. அதன் இலக்கணம் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ உரியது அன்று. ஒலியைக் கேட்டு மொழி கற்ற பிள்ளைக்கு எழுத்துக்கூட்டல் ஓரளவு தானே அமையும். கேளாத பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லின் எழுத்து வடிவமும் கண்ணால் மனப்பாடம் செய்தது. பொறியியல் நூல்களோ ஆங்கிலத்தில் உள்ளன. ஆகவே தேடல் பெட்டி கேட்பது அவருடைய இரண்டாம் அல்லது மூன்றாம் மொழியில், பிழையில்லாத கலைச்சொல்லை. ஓர் எழுத்து மாறினால் "முடிவுகள் இல்லை" என்று ஒரு வரி வரும். நூல் அலமாரியில்தான் இருக்கும். பிழையான எழுத்தைத் திருத்திக் காட்டுவதும், தட்டும்போதே சொற்களைப் பரிந்துரைப்பதும், பொருள்வாரியாகப் படிப்படியாக உலாவ விடுவதும் இம்மாணவருக்கு வசதி என்பதைவிடத் தேவை என்பதே பொருந்தும். இவை மற்ற மாணவருக்கும் உதவுவது தெரிந்ததே.

உதவிக் குறிப்புகளின் நிலையும் கவனிக்க வேண்டியது. நூலகத்தைப் பயன்படுத்துவது எப்படி என்று விளக்கும் காணொளிகள் பெரும்பாலும் பேச்சை நம்பியவை. வசன வரிகளோ சைகைமொழி விளக்கமோ இல்லையெனில் காதுகேளாதவருக்கு அவை அசையும் படங்கள் மட்டுமே. இந்தியச் சைகை மொழிக்கான ஆய்வு, பயிற்சி மையம் 2015இல் டெல்லியில் நிறுவப்பட்டது. 2018இல் 3,000 சொற்களுடன் வெளியான அதன் அகராதி, 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது. துறைச் சொற்களும் அதில் இடம்பெறுவதால், நூலகங்கள் சொந்தமாகச் சைகைகளை உருவாக்கும் சுமை குறைந்துள்ளது.

சட்டம் வந்த வழி

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் கட்டடம், பேருந்து, வேலைவாய்ப்பு ஆகியவற்றையே முதன்மையாகக் கண்டது. ஐக்கிய நாடுகளின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்புறுதி செய்தது. அதைத் தொடர்ந்து வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல், தொடர்பியல் அணுகலையும் உரிமையாக்கியது. உயர்கல்வியில் ஐந்து விழுக்காடு இடஒதுக்கீடும் தந்தது. இடம் கிடைத்து உள்ளே வந்த மாணவர் நூலகத்தைத் தேடுவார் என்பது இயல்பான தொடர்ச்சி. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களுக்கான அணுகல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

நீதிமன்றத் தீர்ப்புகள் இதை மேலும் இறுக்கின. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த 15ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என்றது. கட்டாயத் தரங்களை வகுக்க மூன்று மாதம் தந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் எண்ணிம அணுகலை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு இணைத்தது. பின்னது வங்கிக்கணக்கு தொடங்கும்போது கண்ணிமைத்துக் காட்டச் சொல்லும் சரிபார்ப்பு பற்றிய வழக்கு. ஆனால் அதன் தர்க்கம் நூலகத் தளத்துக்குப் பொருந்தாது என்று வாதிடுவது கடினம்.

சொற்கள் மாறியதும் தேடலைத் தொடுகிறது. "ஊனமுற்றோர்" என்ற தலைப்பில் பதியப்பட்ட பழைய நூல், இன்று "மாற்றுத்திறனாளி" என்று தேடுபவருக்குக் கிடைக்காது. பழைய சொல்லிலிருந்து புதிய சொல்லுக்கு இணைப்புக் குறிப்பு இட வேண்டும். இரங்கநாதன் காலத்து அட்டையிலேயே இதற்கு இடமிருந்தது.

கண்டுபிடித்த பின்

தேடல் வெற்றி பெற்றாலும் கிடைப்பது பக்கங்களின் நிழற்படமாக இருந்தால் பயனில்லை. தமிழ்நூல்களின் மின்பதிப்புகளில் பெரும்பகுதி இவ்வாறு வருடியெடுத்த படங்களே. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களை எழுத்துகளாகவே உள்ளிட்டதால், திரைவாசிப்பான் அவற்றை நேரடியாக வாசிக்கிறது. தன்னார்வலர்களின் உழைப்பில் விளைந்த இந்தப் பயனுக்குப் போதிய பாராட்டு கிடைத்ததில்லை.

பதிப்புரிமைத் தடையும் தளர்ந்துள்ளது. அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து நடத்தும் ஹாத்தி டிரஸ்ட் மீது எழுத்தாளர் சங்கம் தொடுத்த வழக்கில், முழு உரைத் தேடலும் அச்சைப் படிக்க இயலாதோருக்கு நூலை வழங்குவதும் நியாயமான பயன்பாடே என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியா 2012இலேயே பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகளுக்கான வடிவ மாற்றத்துக்கு இடம் தந்தது. 2013ஆம் ஆண்டின் மராக்கேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே. 2016 ஆகஸ்டில் சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகம் தொடங்கப்பட்டது. பல அமைப்புகளிடம் உள்ள அணுகல் வடிவ நூல்களை அதில் ஒரே இடத்தில் தேடலாம்.

பல்கலைக்கழகப் பட்டியல்களுக்கும் இதற்கான இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. மார்க் வடிவத்தில் 2018இல் 341, 532 என்ற இரு புலங்கள் சேர்க்கப்பட்டன. ஒரு நூலுக்கு பிரெய்ல் வடிவம் உண்டா, ஒலிவடிவம் உண்டா, காணொளிக்கு வசன வரிகள் உண்டா, சைகைமொழி உண்டா என்பதை அவற்றில் குறிக்கலாம். குறித்திருந்தால், கிருஷ்ணன்கோவிலில் படிக்கும் காதுகேளாத மாணவர் வசன வரிகள் உள்ள பாடக் காணொளிகளை மட்டும் பிரித்துத் தேட முடியும். ஒரு பதிவுக்கு இவற்றை நிரப்பச் சில நிமிடங்கள் ஆகும்.