மதுரையைக் கலைக்கும் ஒரு சுவிட்ச்

லினக்ஸில் மூலநிரலை இறக்கி கம்பைல் செய்து பார்த்தவர்களுக்கு எனேபிள், டிசேபிள் என்று நீளும் பட்டியல் பழகியதுதான். அது எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

நிரலில் ஒரு பகுதியைச் சேர், இன்னொன்றை விடு என்று கம்பைலரிடம் சொல்லும் வசதி 1970களிலேயே சி மொழிக்கு வந்துவிட்டது. ஆனால் தேர்வுகளையெல்லாம் கையால்தான் எழுத வேண்டியிருந்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் டேவிட் மெக்கன்சிக்கு, ஒவ்வொரு யூனிக்ஸ் கணினிக்கும் இருபது அமைப்புகளைத் திருத்துவது பெரும் தொல்லையானது. 1991இல் அதற்காக அவர் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட்தான், அந்த எனேபிள், டிசேபிள் பட்டியலைத் தரும் ஆட்டோகான்ஃப் ஆக வளர்ந்தது.

அடுத்த திருப்பம் ஒரு கோளாறால் வந்தது. அமெரிக்காவில் டேனியல் ராபின்ஸ் சொந்தமாக ஒரு லினக்ஸ் உருவாக்கிக்கொண்டிருந்தார். புதிதாக வாங்கிய கணினி லினக்ஸோடு ஒத்துப்போகாததால் சில காலம் ஃப்ரீபிஎஸ்டி பக்கம் போனார். அங்கே, மூலநிரலிலிருந்தே எல்லாவற்றையும் நிறுவித் தரும் 'போர்ட்ஸ்' முறையில் மனம் லயித்துத் திரும்பினார். 2002இல் அவருடைய லினக்ஸ், ஜென்டூ 1.0 என்ற பெயரில் வெளியானது. அதன் 'யூஸ் ஃப்ளாக்' என்ற சுவிட்சுகளை ஒரே வரியில் எழுதினால் மொத்தக் கணினியும் அந்த விருப்பப்படி கட்டப்படும். பிற்பாடு கூகுளின் குரோம்ஓஎஸ் இதே ஜென்டூ முறையை எடுத்துக்கொண்டது. அதே 2002இல் லினக்ஸ் கெர்னலுக்கு வந்த கேகான்ஃபிக் என்ற தேர்வுப் பட்டியலை பிஸிபாக்ஸ், ஓபன்டபிள்யூஆர்டி ஆகிய திட்டங்களும் தமதாக்கிக்கொண்டன.

நம் மொழியும் இந்தப் பட்டியலில் சிக்கிய கதை இனிமேல்தான். ஃபயர்ஃபாக்ஸின் தொடக்கக் காலத்தில், பாங்கோ என்ற எழுத்துக்கோப்பு நூலகத்தைச் சேர்த்து ஃபெடோரா கம்பைல் செய்து தந்த உலாவியில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. மொசில்லா நேரடியாகத் தந்ததில் எழுத்துகள் சிதறின. நிரல் ஒன்றுதான், சுவிட்ச்தான் வேறு.

இப்போதும் அப்படித்தான். படத்தின் மேல் எழுத்து பதிக்கும் இமேஜ்மேஜிக்கையோ பைத்தானின் பில்லோவையோ 'ராக்ம்' என்ற நூலகம் இல்லாமல் கம்பைல் செய்துவிட்டு, 'காளவாசல், மதுரை' என்று பதியச் சொல்லுங்கள். காளவாசல் ஏறக்குறையத் தப்பிவிடும். அதன் கால்கள் எழுத்துக்குப் பின்னால்தானே வருகின்றன! மதுரை தப்பாது. யூனிகோடில் 'ர'வுக்குப் பின்னால் சேமிக்கப்படும் இணைக்கொம்பை முன்னே நகர்த்த ஆளில்லாமல், அது கடைசியிலேயே தொங்கும். 'து'வும் த தனி, உகரக்குறி தனி என்று பிரிந்துவிடும். இதைச் சரிசெய்யும் ராக்ம், அரபு எழுத்தை மனத்தில் வைத்து ஓமன் நாட்டில் பிறந்தது. அரபுக்காரர்கள் செய்த வேலை தமிழுக்கும் கைகொடுக்கிறது.

இப்படிப்பட்ட நூலகத்தை 'விருப்பத்துக்குரியது' என்று பட்டியலிடுவது எனக்கு ஒப்பவில்லை. பேக்கேஜ் கட்டுபவர்கள் இதைக் கேட்காமலே எனேபிள் செய்து தர வேண்டும், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும்.