கணிப்பொறியின் கதவைத் திறந்த மாணவர்கள்

நம் சின்னமனூரின் பெயரை வரலாற்று நூல்களில் நிலைபெறச் செய்தவை பாண்டியர் செப்பேடுகள். அவற்றுள் பெரிய செப்பேடு, வடமொழிப் பகுதியைக் கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதியை வட்டெழுத்திலும் கொண்டு, ஓர் ஊர் தானமாக அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. அம்மண்ணில் உழைத்தோருள் அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? எழுத்து எவர் கையில் இருந்ததோ, உரிமையும் அவர் கையிலேயே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய புதிய எழுத்து, கணிப்பொறிக்கு ஆணையிடும் நிரல். 1960களின் தொடக்கத்தில் அதற்கும் ஒரு வாசற்படி இருந்தது. பெரும்பாலான இடங்களில் மாணவர் தம் நிரலைத் துளையட்டைகளில் பதித்து இயக்குநரிடம் கொடுத்துவிட்டு, விடைக்காகப் பல மணி நேரம் காத்திருப்பர். ஒரு பிழை நேரின் மீண்டும் அதே காத்திருப்பு. பொறியைத் தொட அவருக்கு உரிமையில்லை. வாசலுக்கு வெளியே நின்று கற்பதன் வேதனையை நம் முன்னோர் நன்கறிவர்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்கள் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிக் கணிதப் பேராசிரியர்களான ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் ஆவர். கெமெனி, ஹங்கேரியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1940இல் அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தவர். நூலகத்தில் நூலெடுப்பதுபோல் எல்லா மாணவரும் கணிப்பொறியைப் பயன்படுத்த வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். முல்லைப் பெரியாற்று நீரை முறைவைத்து வயல்களுக்குப் பாய்ச்சுவதுபோல், ஒரே பொறியின் நேரத்தை நொடிக்கூறுகளாகப் பலருக்கும் பகிர்ந்தளிப்பதே அவர்கள் கண்ட வழி.

இப்பணியின் பெரும்பகுதியைச் செய்து முடித்தவர்கள் பட்டம்கூடப் பெறாத கல்லூரி மாணவர்கள் என்பதை நம் இளைஞர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். மைக்கேல் புஷ், ஜான் மெக்கீச்சி என்னும் இரு மாணவர்கள், இணைந்தியங்கிய இரு பொறிகளுக்கான நிரல்களை எழுதினர். 1964 மே 1ஆம் நாள், விடியற்காலை 4 மணிக்கு, எளிய மொழியாகிய பேசிக்கில் எழுதிய நிரல்கள் முதன்முறையாக இயங்கின. மாணவர் தட்டச்சுக் கருவியில் கேட்டார். பொறி சில நொடிகளில் விடை தந்தது. பிழையை உடனே கண்டு திருத்தும் வழி பிறந்தது.

ஆயினும் அக்கல்லூரி அன்று ஆடவர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. 1970இல் கெமெனி அதன் தலைவரானார். 1972இல்தான் பெண்கள் அங்குப் பட்டப்படிப்பில் சேர்க்கப்பட்டனர். கருவி எளிதானால் மட்டும் போதாது, கல்விக்கூடத்தின் கதவும் திறக்க வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

மொழியும் ஒரு கதவே. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழி பற்றிய கட்டுரை 2009இல் வெளிவந்தது. ‘பதிப்பி’ என்று தமிழில் எழுதினால் பொறி விடையைக் காட்டுகிறது. ஆங்கிலம் அறியாத சிறுவனும் முதற்பாடத்தைத் தொடங்கலாம்.

கல்லூரி செல்லும் நம் பிள்ளைகளே! கற்றபின் கற்பிப்போம் என்று காத்திராதீர். கற்கும்போதே, உங்கள் தெருவின் தம்பி தங்கையர்க்குப் பாடக்கருவி ஒன்றைச் செய்து தாருங்கள். வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்திற்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை.