ஊட்டுப்புரையும் உரிமை விண்ணப்பமும்

பொதுப்பணத்தில் யாருக்குச் சோறிடலாம் என்பது திருவிதாங்கூரில் பழைய கேள்வி. சமஸ்தானத்தின் பல ஊர்களில் ஊட்டுப்புரைகள் இருந்தன. அங்கே பிராமணர்க்கு இலவச உணவு. பாண்டி நாட்டிலிருந்து வந்த பிராமண வழிப்போக்கர்க்கும் இலை போடப்பட்டது. செலவு சர்க்காருடையது. கஜானாவை நிரப்பிய குடிகளில் ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் பலர்; அவர்களுக்கோ அப்பந்தியில் இடமில்லை. தருமம் என்று ஒரு சாரார் போற்றியதை வரி கொடுத்தவர் வேறு விதமாகக் கண்டதில் வியப்பென்ன?

மனக்கசப்பு உத்தியோக விஷயத்தில் வெடித்தது. பெரிய பதவிகளில் வெளியிலிருந்து வந்த பிராமணர், பெரும்பாலும் தமிழ்நாட்டார், அமர்ந்திருந்தனர். 1891 ஜனவரியில், பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட ‘மலையாளி மெமோரியல்’ ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவிடம் சமர்ப்பிக்கப்பட்டது. ஜி. பி. பிள்ளை முன்னின்றார். நாயர், கிறிஸ்தவர், ஈழவர் யாவரும் ‘மலையாளி’ என்னும் ஒரே பெயரில் நின்றனர். எதிரே நின்றவன் ‘பரதேசி’. மலையாளத்தில் அது அயல்நாட்டானைக் குறிக்கும். தமிழிலோ பிச்சைக்காரனையும் குறிக்கும். மொழிபெயர்ப்பாளனுக்கு இது சங்கடமான சொல்! தலைமுறைகளாக இங்கேயே வாழ்ந்த தமிழர் எந்தக் கணக்கில் சேர்வர் என்பதும் அப்போதே தகராறுக்குரிய விஷயமாயிற்று.

அயலானைக் காட்டிப் பிறந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட டாக்டர் பல்ப்பு, ஈழவர் என்பதால் தாய்நாட்டில் வேலை கிடைக்காமல் மைசூர் சமஸ்தானத்தில் பணிபுரிந்தவர். 1896-இல் அவர் முன்னின்று 13,176 ஈழவரின் தனி விண்ணப்பத்தைக் கொடுத்தார். நிலவரி இலாகாவே கோயில்களையும் நிர்வகித்ததால், ஈழவர்க்கும் இந்துக்களல்லாதார்க்கும் அதன் கதவு மூடியிருந்தது. 1922-இல் தேவஸ்வம் தனி இலாகாவான பிறகே அத்தடை நீங்கிற்று. 1930-களில் ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடத்திய நிவர்த்தனக் கிளர்ச்சியின் விளைவாக, உத்தியோக நியமனங்களுக்கெனத் தனிக் கமிஷனர் ஏற்பட்டார்.

இனவேற்றுமை மிகுந்த அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசாங்கச் செலவில் மக்களுக்கு ஆர்வம் குறைவு என்று அலெசினா, கிளேசர் என்னும் பொருளாதார அறிஞர்கள் 2004-இல் எழுதினர். மலையாளி என்னும் பொதுவுணர்வே கேரளத்தின் கல்வியையும் சுகாதாரத்தையும் வளர்த்தது என்று பிரேர்ணா சிங் 2015-இல் வாதித்தார். எனக்கோ இரண்டும் பாதி உண்மையாகத் தோன்றுகின்றன. இங்கே சாதிகளும் மதங்களும் செலவு வேண்டாமென்று சொல்லவில்லை; தம் பங்கைக் கேட்டன. கேட்கக் கேட்கப் பள்ளிக்கூடங்கள் பெருகின.

இப்போது வங்காளம், அஸ்ஸாம், ஒடிசா, பீகார் மாநிலத்தார் கேரளத்தில் கட்டடம் கட்டுகின்றனர். இவர்களுக்கென 2010-இல் நலத் திட்டம் ஒன்றும், 2017-இல் ‘ஆவாஸ்’ மருத்துவக் காப்பீடும் வந்தன. 2020 ஊரடங்கின்போது சர்க்கார் முகாம்களில் உணவும் அளித்தது. ‘அதிதித் தொழிலாளர்’ என்றே அழைத்தது. இவர்களில் பெரும்பாலோர்க்கு இங்கே வாக்குரிமை இல்லை. உள்ளூரார் பலர் வளைகுடா நாடுகளில் இதே நிலையில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பியவர்கள்.