நோயாளிக்காக விழித்த இரவுகள்

மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்து வட எல்லையில், ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில், மழைக்காலம் முழுவதும் மேகம் படிந்து கிடக்கும் வாவுட்லா என்னும் மலையூர், மசாடெக் என்ற பழங்குடி மக்களின் ஊராகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காப்பித் தோட்டங்களுக்காகவும் கோவேறு கழுதைகள் மட்டுமே ஏறக்கூடிய செங்குத்தான பாதைகளுக்காகவும் அறியப்பட்டிருந்த இவ்வூர், பிறகு சில ஆண்டுகளுக்குள் உலகப் பெயர் பெற்றதற்குக் காரணம் அங்கு முளைக்கும் சிறு காளான்களே. உண்டவருக்கு இயல்புநிலையில் காணாத காட்சிகளையும் உணர்வுகளையும் தரும் இத்தகைய பொருட்களை ஆங்கில மருத்துவ உலகம் 1957 முதல் ‘சைக்கடெலிக்’ என்று அழைத்து வருகிறது. உள்ளத்தை வெளிப்படுத்துவது என்பது கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கப்பட்ட அச்சொல்லின் பொருள். இவற்றை மனிதர்கள் ஆன்மிகத் தேடலுக்காக உண்கிறார்களா, கேளிக்கைக்காக உண்கிறார்களா என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயாமல் எழுப்பப்படுகிறது. வாவுட்லாவின் வரலாற்றைக் கூர்ந்து பார்ப்பவருக்கு, அந்தக் கேள்வியே அம்மலைக்கு வெளியிலிருந்து வந்த ஒன்று என்பதும், அங்கு வாழ்ந்தவர்கள் காளானை உண்டதற்கான காரணம் அவ்விரண்டிலும் அடங்காதது என்பதும் புலப்படும்.

மசாடெக் மொழியில் இக்காளானின் பெயருக்கு ‘முளைத்து வரும் சின்னஞ்சிறு அருமை’ என்பது போன்ற ஒரு பொருள் உண்டு. பெயரின் முன்னொட்டு அன்பையும் மரியாதையையும் ஒருசேரக் காட்டுவது. ஸ்பானிய மொழி பேசும்போது அம்மக்கள் ‘புனிதக் குழந்தைகள்’ என்பர். நிலச்சரிவில் முளைக்கும் வகைக்குச் ‘சரிவு’ என்றும், மிகச் சிறிய வகைக்குச் ‘சிட்டு’ என்றும் புழங்கு பெயர்கள் உண்டு. காளான்கள் எப்போதும் சோடி சோடியாகவே எண்ணிக் கொடுக்கப்பட்டன. இரவு முழுவதும் கண்விழித்து நடத்தப்படும் சடங்கு ‘வெலாடா’ எனப்பட்டது. விழித்திருத்தல் என்பதே அந்த ஸ்பானியச் சொல்லின் பொருள். வீட்டுக்குள் சாமிப் படங்களும் பூக்களும் வைத்த ஒரு மேசைக்கு முன்னால் பாய் விரிக்கப்படும். நம் சாம்பிராணியை ஒத்த கோபால் என்னும் பிசின் கனலில் இடப்பட்டு, அதன் புகையில் காளான்கள் காட்டப்படும். சுண்ணாம்பு கலந்து அரைத்த பச்சைப் புகையிலை நோயாளியின் கையில் தேய்க்கப்படும். காளான் உண்டபின் மெழுகுவர்த்திகள் அணைக்கப்பட, இருட்டில் மருத்துவரின் பாட்டு மட்டுமே கேட்கும்.

மருத்துவர் என்ற சொல்லே இங்குப் பொருந்தும். மசாடெக் மொழியில் இவர்களுக்கு ‘அறிந்தவர்’ என்று பெயர். ஊரில் ஒருவர் நாட்பட்ட நோயில் கிடந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காவிட்டால், வெளியூர் போனவரிடமிருந்து சேதி வராவிட்டால், பொருளோ விலங்கோ காணாமற்போனால், வீட்டார் அறிந்தவரை நாடிச் சென்று குறி கேட்டனர். காளானுக்கு முன்னும் பின்னும் நான்கு நாட்கள் உடலுறவைத் தவிர்ப்பது உள்ளிட்ட பத்தியம் கட்டாயமாக இருந்தது. அதை மீறுபவருக்குச் சித்தம் கலங்கும் என்ற அச்சம் ஆழமாகப் பதிந்திருந்தது. பாட்டின் அடிகள் பலவும் ‘என்று சொல்கிறது’ எனப் பொருள்படும் ஒரே சொல்லில் முடிந்தன. சொல்வது காளானே, பாடுபவர் அதற்கு வாய் மட்டுமே என்பது அதன் குறிப்பு.

இவ்வழக்கம் எவ்வளவு பழமையானது என்பதற்குப் பதினாறாம் நூற்றாண்டுப் பாதிரியார்களின் எழுத்துகளே முதன்மைச் சான்று. ஆஸ்டெக் மக்களின் நவாட்ல் மொழியில் பெர்னார்டினோ டி சஹாகுன் தொகுத்த பெருநூலின் வணிகர் பற்றிய பகுதியில், அவர்களது விருந்தொன்று விவரிக்கப்படுகிறது. விருந்தின் தொடக்கத்தில் காளானைத் தேனோடு உண்டனர். இரவில் வேறு உணவின்றிக் கொக்கோ பானம் மட்டும் அருந்தினர். சிலர் ஆடினர், சிலர் அழுதனர், சிலர் அசையாமல் உட்கார்ந்திருந்தனர். தான் போரில் பிடிபடுவதாக ஒருவர் கண்டார், செல்வனாகி அடிமைகளை வாங்குவதாக ஒருவர் கண்டார், நீரில் மூழ்கிச் சாவதாக ஒருவர் கண்டார். மயக்கம் தெளிந்ததும் கண்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். விருந்தும் ஆட்டமும் இருந்ததால் இதைக் கேளிக்கை என்று சொல்லிவிடலாமா? தன் சாவைக் கண்டு அழுதவனின் இரவை அச்சொல்லுக்குள் அடைக்க முடியாது. ஆன்மிகம் என்று சொன்னால் வணிகர் தம் செல்வத்தை ஊரறியக் காட்டிய விருந்து மறைந்துபோகிறது. சஹாகுனின் தொகுப்பில் இரண்டும் ஒரே இரவில், ஒரே கூடத்தில் நிகழ்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அந்த விவரிப்பில் எங்குமே இல்லை.

ஆனால் மோட்டோலினியா என்று அறியப்பட்ட மற்றொரு பாதிரியாருக்கு இது பொறுக்கவில்லை. காளானுக்கு வழங்கிய ‘தியோனனாகட்ல்’ என்ற பெயரை அவர் தெய்வத்தின் சதை என்று பொருள்கொண்டு, தம் சமயத்தின் நற்கருணை அப்பத்துக்குச் சாத்தான் அமைத்த போலி என்று கண்டார். மெக்சிகோவின் சமய விசாரணை மன்றம் 1620இல் பெயோட்டே என்னும் கள்ளியையும் குறி கேட்க உதவும் பிற செடிகளையும் தடைசெய்து ஆணை பிறப்பித்தது. காளான் வழக்கம் எட்டாத மலைகளுக்குள் ஒதுங்கி, புனிதர்களின் பெயர்களையும் சிலுவையையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு உயிர்பிழைத்தது. அந்த மறைவு எவ்வளவு முழுமையாக இருந்தது என்றால், 1915இல் வில்லியம் சாஃபோர்டு என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் அப்படியொரு காளானே இல்லை, பாதிரியார்கள் உலர்ந்த பெயோட்டேயைக் காளான் என்று தவறாக எண்ணிவிட்டனர் என்று எழுதினார். அது பலராலும் ஏற்கப்பட்டது. 1930களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் ராபர்ட் வைட்லானர், ரிச்சர்ட் எவன்ஸ் ஷுல்ட்ஸ் ஆகியோர் வாவுட்லாவிலேயே காளான்களைச் சேகரித்த பிறகுதான் அக்கருத்து வீழ்ந்தது.

இவ்வரலாற்றின் நடுவில் நிற்பவர் மரியா சபீனா. 1894ஆம் ஆண்டளவில் பிறந்து, எழுதப் படிக்க அறியாமல், மசாடெக் மொழி மட்டுமே பேசி வாழ்ந்த இந்தப் பெண்மணி, தம் வாழ்வை அதே இனத்தைச் சேர்ந்த எழுத்தாளர் ஆல்வரோ எஸ்ட்ராடாவிடம் சொல்ல, அது 1977இல் நூலாயிற்று. நோயுற்ற மாமனுக்கு ஓர் அறிந்தவர் காளான் கொடுத்துப் பார்த்ததைச் சிறுமியாகக் கண்டிருந்த அவர், பிறகு ஒருநாள் காட்டில் தங்கையோடு இருந்தபோது அதே காளானைக் கண்டு உண்டார். இருவரும் பசியில் இருந்தனர். வயிறு நிறைந்தது, மனமும் நிறைந்தது என்பதுதான் அவர் நினைவில் நின்றது. பெரியவர்களும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. உலகில் ஒருவர் இக்காளானை முதன்முதலில் உண்டதற்குரிய காரணங்களில் பசிக்கும் இடமுண்டு என்பதை அறிஞர்களின் பட்டியல்கள் எளிதில் மறந்துவிடுகின்றன. திருமண வாழ்வின்போது பத்தியம் கருதிக் காளானை அவர் தொடவில்லை. தங்கை மரியா ஆனா படுத்த படுக்கையாகி, மற்ற வைத்தியங்கள் பலிக்காமற்போன போதுதான் பெரும் அளவில் உண்டு, ஒரு வெண்ணிறப் புத்தகம் தமக்குக் கொடுக்கப்பட்டதாகக் கண்டார். எழுத்தறியாத அவருக்கு அப்புத்தகத்தின் சொற்கள் விளங்கின. அன்று முதல் அவர் அறிந்தவர் ஆனார்.

கார்டன் வாஸன் நியூயார்க்கின் ஜே.பி. மார்கன் வங்கியில் துணைத்தலைவர். ரஷ்யாவில் பிறந்த குழந்தை மருத்துவரான மனைவி வலென்டினாவோடு சேர்ந்து, காளானை மனிதர்கள் போற்றுவதும் அஞ்சுவதும் ஏன் என்று பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். 1953இல் கோவேறு கழுதைகளில் வாவுட்லாவுக்கு ஏறிவந்த அவர், நோயோ கவலையோ இல்லாதவர் வெலாடாவில் உட்கார வழியில்லை என்று அறிந்து, அமெரிக்காவில் விட்டுவந்த தம் மகனைப் பற்றிய சேதி வேண்டும் என்று ஆரேலியோ கர்ரேராஸ் என்ற ஊர்க்காரரிடம் குறி கேட்டார். உள்ளே செல்ல அவருக்கு அது ஒரு சாக்கு. கர்ரேராஸுக்கு அதுவே இயல்பான கேள்வி. மகன் இருக்கும் ஊர், அவனுடைய மனக்கலக்கம், படையில் சேரவிருப்பது எனக் கேட்ட கேள்விக்கு நேரான விடைகள் கிடைத்தன. வாஸன் அவற்றை அப்போது நம்பவில்லை, பின்னர் உண்மை என்று கண்டார்.

1955 ஜூன் 29ஆம் நாள் இரவு ஊர் அலுவலரான கயெட்டானோ கார்சியாவின் மண்சுவர் வீட்டில் நடந்தது, இதற்கு வேறானது. அன்று பகலில் பள்ளத்தாக்கில், கரும்புச் சக்கையில் முளைத்திருந்த காளான்களை ஒரு பெட்டி நிறையப் பறித்து வந்திருந்தனர். மரியா சபீனா தமக்குப் பதின்மூன்று சோடிகளை எடுத்துக்கொண்டு, வாஸனுக்கும் புகைப்படக்காரர் ஆலன் ரிச்சர்ட்சனுக்கும் ஆறாறு சோடிகள் கொடுத்தார். விருந்தாளிகள் இருவரும் காளானின் காட்சிகளை அறிய விரும்பியே அங்கு இருந்தனர். தாம் ஒப்புக்கொண்டது அலுவலர் கேட்டதால்தான் என்று மரியா சபீனா பின்னாளில் சொன்னார். யாருடைய பரிந்துரையும் இல்லாமல் வந்திருந்தாலும் காட்டியிருப்பேன், அதில் தீங்கில்லை என்றும் சேர்த்தே சொன்னார். அவரை வஞ்சிக்கப்பட்ட பேதையாக வரைபவர்கள் இந்த இரண்டாம் கூற்றை விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் அநீதி. ஆயினும் அவர் கூறிய இன்னொன்றே இவ்வரலாற்றின் திறவுகோல்: வாஸனுக்கு முன்பு கடவுளைக் காண்பதற்காக மட்டும் யாரும் புனிதக் குழந்தைகளை உண்டதில்லை, நோயாளிகள் குணமாக வேண்டும் என்றே உண்டனர். வாஸனின் பணிவிலும் உண்மையான தேடலிலும் குறைகாண இடமில்லை. ஆனாலும் அவர் கொண்டுவந்த ஆன்மிக நாட்டம், பின்வந்த இளைஞரின் கேளிக்கை நாட்டத்தைப் போலவே, அம்மலைக்குப் புதியது.

1957 மே 13 நாளிட்ட ‘லைஃப்’ இதழில் வாஸனின் கட்டுரை வெளியாயிற்று. மரியா சபீனாவுக்கு வேறு பெயர் சூட்டி ஊரை மறைத்திருந்தாலும், முகம் புகைப்படங்களில் மறையவில்லை. அடுத்த ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன், பிரெஞ்சுக் காளானியலாளர் ரோஜர் ஹெய்ம் அனுப்பிய காளான்களிலிருந்து சைலோசைபின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1960இல் மெக்சிகோவில் காளானை உண்ட உளவியலாளர் தீமத்தி லியரி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்க, 1962ஆம் ஆண்டுப் புனித வெள்ளியன்று அங்கு ஆய்வு மாணவரான வால்டர் பாங்கி, பாஸ்டன் பல்கலைக்கழகத் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் இறையியல் மாணவர் இருபதின்மரைக் கொண்டு சோதனை நடத்தினார். பாதிப்பேருக்குச் சைலோசைபினும் மற்றவர்களுக்கு நிகோட்டினிக் அமிலமும் கொடுக்கப்பட்டன. முதல் குழுவில் பெரும்பாலோர் ஆழ்ந்த இறையனுபவத்தை விவரித்தனர். அவர்களுள் ஒருவர் நிலைகுலைந்து வெளியே ஓடியதும், அமைதிப்படுத்தும் ஊசி போடப்பட்டதும் 1991இல் வெளியான பின்னாய்வின் மூலமே பரவலாகத் தெரியவந்தன. வாவுட்லாவில் அறிந்தவர் விடியும்வரை நோயாளியின் பக்கத்தில் பாடிக்கொண்டே இருந்தது எதற்கென்று விளங்க இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

1960களின் பிற்பகுதியில் வட அமெரிக்காவிலிருந்தும் மெக்சிகோவின் நகரங்களிலிருந்தும் இளைஞர்கள் திரளாக வாவுட்லாவுக்கு ஏறினர். வேளை பாராமல், பட்டப்பகலில், பத்தியமின்றி, கண்ட இடத்தில் காளானை உண்டனர். 1969இல் இராணுவம் சாலையை மறித்து அந்நியரைத் தடுக்கத் தொடங்கியது; அத்தடை 1976 வரை நீடித்தது. மரியா சபீனா போதைப்பொருள் விற்றார் என்ற பழிக்கும் விசாரணைக்கும் ஆளானார். அவரது வீடு எரிந்தபோது, அந்நியருக்கு இரகசியத்தைத் திறந்துவிட்டதே காரணம் என்று ஊரில் பேச்சு எழுந்தது. புனிதக் குழந்தைகளின் வலிமை போய்விட்டது என்று எஸ்ட்ராடாவிடம் அவர் வருந்தினார். 1985இல் வறுமையிலேயே இறந்தார். அவர் வருத்தத்தை இளைஞரின் இன்ப வேட்கை மீதான கண்டனமாக மட்டும் வாசிப்பது பிழை. அவர் பாடல்களில் சிரிப்பும் விளையாட்டும் உண்டு. காளான் தரும் மகிழ்ச்சியை அவர் குற்றமாகக் கருதியவரல்லர். நோயாளி இல்லாத இடத்தில், வேளையும் பத்தியமும் இன்றி அதை உண்டதே அவருக்கு விளங்காததாயிருந்தது.

தாம் திறந்த வாயில் வழியே நுழைந்த கூட்டத்தைக் கண்டு வாஸனும் மனம் நொந்தார். 1970இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் அதைப் பற்றி எழுதினார். 1979இல் அவரும் கார்ல் ரக், ஜோனதன் ஆட் உள்ளிட்டோரும் ‘சைக்கடெலிக்’ என்ற சொல்லைக் கைவிட்டு, ‘எந்தியோஜன்’ என்ற புதுச் சொல்லை முன்வைத்தனர். உள்ளே தெய்வத்தை உண்டாக்குவது என்பது அதன் பொருள். இளைஞர் பண்பாட்டோடும் கேளிக்கையோடும் ஒட்டிப்போன பழைய சொல்லிலிருந்து புனிதப் பயன்பாட்டைப் பிரித்தெடுப்பதே அவர்கள் நோக்கம். காளானுக்கு நடுவே ஆன்மிகம், கேளிக்கை என்ற வேலி சொல்லாகவே எழுப்பப்பட்ட நாளைத் தேடினால் அது இங்குதான் அகப்படும்.

சட்டம் அதற்கு முன்பே அதே கோட்டை ஒட்டி நடந்திருந்தது. உளமாற்றப் பொருட்கள் பற்றிய 1971ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தம் சைலோசைபினை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தபோதே, தெளிவாக வரையறுக்கத்தக்க சிறு குழுக்கள் மாந்திரிக அல்லது சமயச் சடங்குகளில் வழிவழியாகப் பயன்படுத்தும் காட்டுத் தாவரங்களுக்கு நாடுகள் விலக்குக் கேட்கலாம் என்றது. மெக்சிகோ அவ்வாறே கேட்டுப் பெற்றது. மெக்சிகோவின் கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தின் ஒரு பிரிவு, கையிலுள்ள காளானின் அளவையும் சூழ்நிலையையும் கொண்டு, அது பழங்குடி மக்களின் சடங்குகளுக்கும் வழக்கங்களுக்கும் உரியது என்று ஊகிக்க முடிந்தால் வழக்குத் தொடர வேண்டியதில்லை என்கிறது. 2015இல் நடுவண் அரசு சுற்றுலாவுக்கெனப் போற்றும் ‘மாய ஊர்’ பட்டியலில் வாவுட்லாவும் சேர்க்கப்பட்டது. மரியா சபீனாவின் முகம் இன்று அவ்வூர்ச் சுவர்களில் காணப்படுகிறது. ஒப்பந்தம் சமயத்தைப் பேசுகிறது, சட்டப் பிரிவு சடங்கையும் வழக்கத்தையும் பேசுகிறது. எவருக்காக அந்த இரவு முழுவதும் விழித்திருந்தார்களோ, அந்த நோயாளியைப் பற்றி இரண்டிலும் ஒரு சொல் இல்லை.