பாலைவனத்தில் வெடித்த பாதங்கள்



வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் ஊர் திரும்பும் நம் பிள்ளைகள், பள்ளிவாசல் ஹவ்ளின் ஓரத்தில் அமர்ந்து உளூச் செய்யும்போது அவர்களின் பாதங்களைக் கவனித்திருக்கிறீர்களா? குதிகாலில் ஆழமான வெடிப்பு. புறங்கையில் மீன்செதிள் போன்ற வறட்சி. மலையடிவாரத்தில் உள்ள நம் சிவகிரியிலும் ஆடிக்காற்று புழுதியை வாரி இறைக்கத்தான் செய்கிறது. ஆயினும் அக்காற்றோடு சாரலும் வருகிறது. அரபுப் பாலையில் வீசும் ‘ஷமால்’ என்னும் வடமேற்குக் காற்றோ மணலை மட்டுமே சுமந்து வருகிறது.

"தோலுக்கு எண்ணெய் பூசுவதெல்லாம் அழகு பார்ப்போர் வேலை, உழைக்கும் ஆண்பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்போர் நம்மில் உண்டு. இக்கேள்விக்கு இஸ்லாமிய வரலாறு என்ன விடை தருகிறது என்று பார்ப்போம்.

ஒட்டுத்துணிகளின் போர்

தாதுர் ரிகாஉ என்னும் போர்ப் பயணத்தைப் பற்றி அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அவர்களுடன் இருந்த ஆறு பேருக்கு ஓர் ஒட்டகம். முறை வைத்து ஏறினார்கள். மற்ற நேரமெல்லாம் நடந்தார்கள். பாதங்கள் தேய்ந்து புண்ணாயின. அபூமூஸா (ரலி) அவர்களின் கால் நகங்களும் உதிர்ந்தன. கிழிந்த துணிகளைக் காலில் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். ஒட்டுத்துணிகளைக் குறிக்கும் ‘ரிகாஉ’ என்ற சொல்லே அப்போருக்குப் பெயராயிற்று என்பது அவர்களின் விளக்கம். இதைச் சொல்லி முடித்தபின், தம் நற்செயலை வெளிப்படுத்திவிட்டோமே என்று அவர்கள் வருந்தியதாகவும் அச்செய்தி கூறுகிறது.

ஸஹாபாக்கள் தம் துன்பத்தை மறைக்க விரும்பினார்கள். அதனால் அத்துன்பத்திற்கு மருந்து தேடாமல் இருந்துவிடவில்லை. ஆலிவ் எண்ணெயை உண்ணவும் உடலில் பூசவும் நபி (ஸல்) அவர்கள் ஏவிய செய்தி திர்மிதியில் உள்ளது. கால் வேதனை என்று வந்தவருக்கு மருதாணி இடுமாறு அவர்கள் கூறியதை அபூதாவூத் பதிவு செய்கிறது. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது அவர்கள் கற்றுத்தந்த பாடம்.

ஆலிவ் எண்ணெயுடன் நாம் நன்கறிந்த நல்லெண்ணெயும் பழங்காலத்திலேயே கடல் கடந்து சென்றது. குஜராத் பகுதியிலிருந்து ஆப்பிரிக்கக் கரைத் துறைமுகங்களுக்கு அது அனுப்பப்பட்டதை, கி.பி. முதல் நூற்றாண்டின் ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் குறிப்பிடுகிறது.

ஹாஜிகளுக்கு ஒரு மருத்துவக் கையேடு

ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாஸியரின் அமைச்சர் அல்ஹஸன் இப்னு மக்லத் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். அவருக்காக குஸ்தா இப்னு லூகா என்ற மருத்துவர் தனி நூலே எழுதினார். இவர் பஅல்பக் நகரத்துக் கிறித்தவர். உடற்களைப்பு, உடலையும் பாதங்களையும் தேய்த்துவிடும் முறைகள், பலவகைக் காற்றுகளால் வரும் நோய்கள், புழுதியால் கண்ணுக்கு நேரும் கேடு, குடிநீரின் தூய்மை ஆகியவற்றை அந்நூல் விளக்குகிறது. வணக்கத்திற்காகச் செல்பவரின் உடலைப் பேணுவதும் அறிவுத்துறையாக மதிக்கப்பட்டது என்பதற்கு இது சான்று.

பின்னர் வந்த குர்துபாவின் அஸ்ஸஹ்ராவீ (936–1013) தம் முப்பது பாகப் பெருநூலில் ஒரு பாகத்தையே உடலழகுப் பராமரிப்புக்கு ஒதுக்கினார். இப்னு ஸீனாவும் (980–1037) ‘அல்கானூன்’ நூலில் தோலைப் பற்றி விரிவாக எழுதினார்.

பிக்ஹு நூல்களின் கருணை

இஹ்ராம் அணிந்தவர் எண்ணெய் பூசலாமா? இமாம்கள் இதை நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர். வாசனை கலவாத எண்ணெயைத் தலைமுடியிலும் தாடியிலும் தவிர்க்க வேண்டும்; உடலில் பூசலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. ஹனஃபி மத்ஹபிலோ, வாசனையற்ற ஆலிவ் எண்ணெயைப் பூசினாலும் பரிகாரம் உண்டு. ஓர் உறுப்பு முழுவதும் பூசினால் பலி கொடுக்க வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. ஸதகா போதும் என்பது அவர்களின் இரு மாணவர்களின் கருத்து.

இவ்வளவு கண்டிப்புக்கு நடுவே, 1197-இல் மறைந்த மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ‘ஹிதாயா’ ஒரு விதிவிலக்கை எழுதுகிறது: காயத்திற்கோ பாத வெடிப்பிற்கோ மருந்தாக அந்த எண்ணெயை இட்டவர்மீது பரிகாரம் இல்லை. நம் மதரஸாக்களில் ஓதப்படும் சட்டநூல், நடந்து களைத்த ஏழை ஹாஜியின் குதிகாலை நினைவில் வைத்திருக்கிறது! ஆசையால் பூசுவது வேறு. தேவையால் பூசுவது வேறு என்று அது பிரித்துக் காட்டுகிறது.

இன்று நாம் செய்ய வேண்டியது

தோலின் மேலடுக்கில் உள்ள கொழுப்பே உள்ளிருக்கும் ஈரத்தைக் காக்கிறது. வறண்ட காற்றும், சூடான நீரும், காரமான சோப்பும் அதனைக் குலைக்கின்றன. ஆகவே குளித்துத் துடைத்த உடனே, ஈரம் உலருமுன், தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூச வேண்டும். எண்ணெய் பூசுவதால் உளூ முறியாது. தண்ணீரைத் தடுக்கும் அளவு தடித்துப் படிந்ததை மட்டும் நீக்கிவிட்டு உளூச் செய்ய வேண்டும். வெடிப்பினுள் இட்ட மருந்தை அகற்றினால் தீங்கு நேரும் என்றால், அதன்மேல் நீரை ஓடவிடுவது போதுமென ஃபுகஹாக்கள் சலுகை அளித்துள்ளனர். சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறு வெடிப்பும் பெரும் புண்ணாகிவிடும். அவர்கள் தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும்.

கோடைக்கால நண்பகலில் வெயிலில் வேலை வாங்குவதை ஐக்கிய அரபு அமீரகம் 2005-இல் தடை செய்தது. கத்தார் 2021-இல் தன் தடை நேரத்தைக் காலை 10 மணி முதல் மாலை 3.30 வரை நீட்டித்தது. இந்த உரிமையை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

பெற்றோர்களே! வெளிநாட்டிலிருந்து மகன் பேசும்போது, "பணம் அனுப்பினாயா?" என்று கேட்கிறோம். "கால் வெடிப்பு எப்படி இருக்கிறது? எண்ணெய் பூசுகிறாயா?" என்றும் கேளுங்கள். அபூமூஸா (ரலி) அவர்களைப் போலவே அவனும் தன் வேதனையை உங்களிடம் மறைத்துக்கொண்டிருக்கலாம்.

உடல் என்னும் அமானிதத்தைப் பேணி, ஹலாலான உழைப்பில் நிலைத்திருக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.