புல எண்ணும் இடப்பெயரும்: ஐதராபாத் வழியே ஒரு வரலாற்று நோக்கு

ஓர் இடம் எங்குள்ளது என்பதை நிலப்படம் காட்டும். அவ்விடம் எத்தகையது என்பதைப் பதிவேடு கூறும். இவ்விரண்டையும் பிணைப்பதே புவியியல் தகவல் அமைப்பின் அடிப்படைப் பணியாகும். பெயர் புதிது எனினும் பணி பழையது. தமிழகக் கிராமக் கணக்கில் புலப்படம் வேறு, அடங்கல் வேறு. இரண்டிலும் ஒரே புல எண் நின்றமையால் படத்திலிருந்து பதிவிற்கும் பதிவிலிருந்து படத்திற்கும் செல்ல இயன்றது. தெலங்கானாவில் அடங்கலைப் பஹாணி என்பர்.

1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆற்று வெள்ளம் ஐதராபாத்தைப் பேரழிவுக்குள்ளாக்கியது. பின்னர் லெனார்டு மன் மேற்பார்வையில் 1912-15 காலத்தில் நகரின் விரிவான அளவைப் படங்கள் வரையப்பட்டன. இவற்றில் பெயர்கள் படத்தின் மீதே எழுதப்பட்டுள்ளன. பார்ப்பவர் படிக்கலாம்; ஆனால், தாளின் மேலுள்ள பெயரைத் தனியே பிரித்து வரிசைப்படுத்தவோ வேறொரு விவரத்தோடு சேர்க்கவோ இயலாது.

இப்பிரிப்பைக் கணிப்பொறி எளிதாக்கியது. கனடாவில் 1960களில் ராஜர் டாம்லின்சன் தொடங்கிய முயற்சியே இதன் முன்னோடி. 1982இல் வெளிவந்த ஆர்க்/இன்ஃபோ மென்பொருளின் பெயரே இருபகுதியானது: ஆர்க் வடிவங்களைக் காக்கும், இன்ஃபோ அட்டவணைகளைக் காக்கும், இடையே பாலமாவது ஓர் அடையாள எண். ஐதராபாத்தில் அமைந்து, 2008இல் தேசியத் தொலையுணர்வு மையம் எனப் பெயர் மாறிய நிறுவனம் 2009 முதல் ‘புவன்’ இணையவாயிலின் வழி படங்களை வழங்கி வருகிறது.

அட்டவணை விவரத்தை ஆங்கிலத்தார் அட்ரிபியூட் என்பர். இதனைப் ‘பண்பு’ எனப் பெயர்ப்பது பொருந்தாது. நில உடைமையாளர் பெயரோ பயிரின் பெயரோ பண்பாகாது. ‘விளக்கத் தரவு’ என்பதே தகும்.

மொழியியலார் கருத வேண்டியது பாலத்தின் இயல்பு. இடப்பெயர் பாலமாக நிற்காது. ஐதராபாத், ஹைதராபாத் என ஓரூர்ப் பெயர் தமிழிலேயே இருவகையாய் எழுதப்படுகிறது. ஒரே பெயருடைய சிற்றூர்களோ பல. எனவேதான் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊர்களுக்கு ஆறிலக்கக் குறியெண் தந்தது. அவ்வளவில் பெயர் அட்டவணையின் ஒரு பத்திக்குள் அடங்கிவிடுகிறது. அப்பத்தி பெரும்பாலும் ஓர் எழுத்துவடிவையே ஏற்கிறது. தெலுங்கிலும் உருதுவிலும் ஊரார் வழங்கும் வடிவங்கள் விடுபடுகின்றன. இது கருவியின் குறையன்று. குறியெண் மாறாதவரை எத்தனை பத்திகளையும் சேர்க்கலாம். உருது வடிவிற்கு ஒன்று, தெலுங்கு வடிவிற்கு ஒன்று, ஒலிப்பிற்கு ஒன்று. கிளைமொழி நிலப்படம் வரைவோர் பெயரைத் திறவுகோலாகக் கொள்ளாது, குறியெண்ணின்கீழ் வழக்குகள் அனைத்தையும் பதிதல் வேண்டும்.