நாட்கூலியும் கதிர் மருத்துவமும்

மருத்துவ வரலாறு எழுதுவோர் கருவிகளையும் அவற்றைக் கண்டறிந்த அறிஞர்களையும் வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுவது வழக்கம். அக்கருவியின்கீழ் நோயாளி எத்தனை நாள் படுத்தாள், அத்தனை நாளும் அவள் வீட்டில் உலை எவ்வாறு கொதித்தது என்பன ஏட்டில் ஏறுவதில்லை. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த நம் பெண்களை மனத்திற்கொண்டு நோக்கின், மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவிய நிலையில் அளிக்கப்படும் கதிர் மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் நாள்களின் வரலாறே எனலாம்.

ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பொழுது புலருமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவச் சென்ற பெண்ணுக்கு வேலை செய்த நாளுக்கே கூலி. தலைவலி என்றால் தோட்டத்து டிரெசர் மாத்திரை கொடுப்பார். மார்பில் கட்டி என்பதை ஆண்மகனாகிய அவரிடம் சொல்லக் கூசியோர் பலர். வலியில்லாத கட்டிக்காக ஒருநாள் கூலியை இழப்பானேன் என்ற எண்ணமும் உடனிருந்தது. இதனை அறியாமை என்று எளிதில் ஒதுக்கிவிடலாகாது. கணக்குத் தெரிந்தவர்களின் தயக்கம் அது.

கவனியாது விட்ட கட்டியின் அணுக்கள் குருதியோடு சென்று மூளையில் தங்குவதுண்டு. தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒருபக்கக் கைகால் தளர்வு, பேச்சுக் குழறல் ஆகியன அதன் அடையாளங்கள். குருதிக்கும் மூளைக்கும் இடையே இயற்கை அமைத்துள்ள அரண் பல மருந்துகளை உள்ளே விடுவதில்லை. கதிருக்கோ வாயில் வேண்டியதில்லை.

ரான்ட்ஜன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். மறு ஆண்டின் தொடக்கத்திலேயே மார்பகப் புற்று மீண்டும் தோன்றிய ஒரு பெண்ணுக்குத் தாம் அக்கதிரால் மருத்துவம் செய்ததாகச் சிகாகோ நகரத்துக் குருபே பிற்காலத்தில் உரிமை கொண்டாடினார். அதனை ஐயுறுவோரும் உளர். எவ்வாறாயினும், அக்காலத்துக் கதிர் தோலைச் சுட்டதே அன்றி, ஆழத்தில் உள்ள நோயை எட்டும் வன்மை பெற்றிருக்கவில்லை.

நம் முன்னோர் பலர் கப்பலேறிய சென்னையில் 1934இல் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அதே 1954இல் நியூயார்க் நகரின் மெமோரியல் மருத்துவமனையைச் சார்ந்த சாவ், பிலிப்ஸ், நிக்சன் ஆகியோர், மூளைக்குப் புற்று பரவிய 38 பேருக்கு மூளை முழுவதும் கதிர் பாய்ச்சிய முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர்க்குத் துன்பம் தணிந்தது. மலாயாவில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதும் அவ்வாண்டிலேயே. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நிகழ்ச்சிகள்தாம். ஆயினும் தோட்டப் பெண்ணின் கதையில் இம்மூன்றும் வந்து கலக்கின்றன.

1951இல் கனடாவில் முதன்முதலாக நோயாளிகளுக்குப் பயன்பட்ட கோபால்ட்-60 கருவி, 1957இல் அடையாற்றிலும் நிறுவப்பட்டது. ஆழம் சென்று தாக்கும் அக்கதிர் தோலை முன்போல் வருத்தவில்லை. பின்னர் எழுந்த வினா, எத்தனை நாள் என்பதே.

முழு அளவையும் ஒரே வேளையில் பாய்ச்சினால் நல்ல திசுவும் கருகும். சிறு பங்குகளாக்கித் தந்தால், இடைப்பட்ட நேரத்தில் நல்ல அணுக்கள் தம்மைச் செப்பனிட்டுக்கொள்ளும். புற்றணுக்களுக்கு அத்திறம் குறைவு. ஆகவே நாள்களைக் கூட்டுவதே நலம் என்று கருதுவது இயல்பு. அமெரிக்கக் கதிர் மருத்துவ ஆய்வுக் குழுவினர் 1971 முதல் 1976 வரை இதனைச் சோதித்தனர். ஒரு வாரம், இரு வாரம், மூன்று வாரம், நான்கு வாரம் எனப் பகுத்துப் பார்த்தனர். 1980இல் வெளிவந்த முடிவு: பயனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பத்து நாளில் முப்பது கிரே போதும்.

இம்முடிவின் அருமையை ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களைவிட நாட்கூலிக்காரர் நன்கு உணர்வர். அச்சோதனையில் நோயாளிகளின் நடுத்தர வாழ்நாள் ஏறத்தாழ நான்கு மாதமே. மார்பகப் புற்றினர் சிலர் அதற்கு மேலும் வாழ்வர். நான்கு மாதத்தில் நான்கு வாரத்தை மருத்துவமனை எடுத்துக்கொண்டால் எஞ்சிய வாழ்வில் காற்பங்கு போயிற்று. இரு வாரமாயின் அரைக்காற்பங்கு. நெடுங்காலம் இம்மாநிலத்து ஏழையர்க்குக் கோலாலம்பூர்ப் பெரிய மருத்துவமனையே போக்கிடம். சிரம்பானிலிருந்து அது ஏறத்தாழ 65 கிலோமீட்டர். பகாவிலிருந்து இன்னும் தொலைவு. உடன்செல்லும் கணவனுக்கோ மகளுக்கோ அந்நாள்களில் கூலி இல்லை. பத்து நாள் குறைந்தது என்றால், பத்து நாள் அரிசி மிஞ்சியது என்று பொருள்.

முழு மூளைக் கதிருக்கு ஒரு விலையும் உண்டு. முடி உதிர்வதும் சோர்வும் பெரிதல்ல. நினைவு மங்குவதே பெரிது. மாதக் கணக்கில் மட்டுமன்றி ஆண்டுக் கணக்கில் வாழ்வோர் பெருகப் பெருக இக்குறை வெளிப்படலாயிற்று. பேரனின் பெயர் மறந்த பாட்டிக்கு வலி தணிந்தது என்று மட்டும் சொல்லி அமைதி காண இயலுமா? நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியை விலக்கிக் கதிர் பாய்ச்சி, மெமான்டின் மருந்தையும் சேர்த்தளித்தால் அறிவுத்திறன் இழப்புக் குறையும் என 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. புற்று சில இடங்களில் மட்டும் இருப்பின், சுவீடன் நாட்டு லெக்செல் 1968இல் பயன்பாட்டுக்குக் கொணர்ந்த காமாக் கத்தி முறையால் அவ்விடங்களை மட்டுமே தாக்கலாம். அதற்குப் பெரும்பாலும் ஒரே நாள் போதும்.

இன்று அத்தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. 2013இல் புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் இயங்கத் தொடங்கியது. சிரம்பானுக்கு அது கோலாலம்பூரைவிட அண்மையது. ஆயினும் 2012 முதல் 2016 வரையிலான தேசியப் பதிவேட்டின்படி, மலேசியாவில் மார்பகப் புற்றுக் கண்ட பெண்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரின் நோய் மூன்றாம், நான்காம் நிலைகளிலேயே கண்டறியப்பட்டது. மூளையில் புற்று பல இடங்களிலும் பரவிவிட்டால் ஒருநாள் முறை பெரும்பாலும் பொருந்தாது. முழு மூளைக் கதிரையே நாட வேண்டியவர்களுக்கு, 1980இல் முடிவான அதே பத்து நாள் இன்றும் பரவலாக வழங்கிவருகிறது.